படிக்காத புத்தகத்துக்கு நான்கு வரி

நான் படிக்காத புத்தகங்களைப் பற்றிச் சரியாகப் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். மாதம் நூற்று நாற்பது புத்தகங்கள் பெட்டியில் வந்து இறங்கும் இடத்தில் ஒரு மனிதன் எத்தனையைப் படித்துவிட முடியும்? நூலகத்தின் இரண்டாம் தளத்தில் இளையோர் பிரிவு இருக்கிறது. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கானது. பத்தொன்பது வருடமாக அதற்கு நான் பொறுப்பு. முதல் ஆறு வருடம் எல்லாவற்றையும் படித்தேன். பிறகு பாதியை. பிறகு முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம். இப்போது பின்னட்டை.

ஒவ்வொரு புதுப் புத்தகத்துக்கும் ஒரு குறிப்புச் சீட்டு எழுத வேண்டும். நான்கு வரி. எந்த வயதுக்கு, எதைப் பற்றி, யாருக்குப் பிடிக்கும், கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா. ஒவ்வொரு பிரதியின் முதல் தாளிலும் அந்தச் சீட்டை ஒட்டுவேன். அதே வரிகளைப் பதினொரு நூலகங்களும் பார்க்கும் பொதுப் பட்டியலில் ஏற்றுவேன். பதிப்பகத்தின் விலைப்பட்டியல், மாத இதழ்களின் மதிப்புரை, மற்ற நூலகர்களின் குறிப்பு, பிள்ளைகளின் வாய். இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் சீட்டு எழுதலாம் என்பது விதி. பிள்ளைகளின் வாய்தான் நம்பகமானது. அது திறப்பதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சீட்டு அதற்குள் போய்விடும்.

அந்தச் சாம்பல் நிற அட்டைப் புத்தகம் எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தது. அட்டையில் பென்சிலால் வரைந்த மாடிப்படிகள். படிகளில் யாரும் இல்லை. பின்னட்டையில் மூன்று வாக்கியங்கள்: "கணக்கைக் கண்டு பயப்படும் ஒரு பெண். மூன்றாம் மாடியில் ஓர் ஆசிரியர். ஒவ்வொரு அப்பாவும் தன் மகளோடு படிக்க வேண்டிய கதை." விலைப்பட்டியலிலும் அதே மூன்று வாக்கியங்கள் இருந்தன. பின்னட்டை ஒன்று, விலைப்பட்டியல் ஒன்று, ஆக இரண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அன்று மேசையில் இன்னும் பதினொரு புத்தகங்கள் காத்திருந்தன.

நான் எழுதியது இது:

"வயது பதினான்கு முதல் பதினேழு வரை. கணக்குப் பயத்தை விடாமுயற்சியால் வெல்லும் பெண்ணின் கதை, படி ஏறுவது போன்ற நிதானமான நடை. தேர்வுக்குத் தயாராகும் மாணவிகளுக்கும் அவர்களின் அப்பாக்களுக்கும் பிடிக்கும். கவனம்: எதுவும் இல்லை."

படி ஏறுவது போன்ற என்று எழுதியது அட்டைப்படத்தைப் பார்த்துத்தான். எழுதி முடித்ததும் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

என் மகளுக்குப் பதினைந்து வயது. ஆறு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை நூலகத்துக்கு வந்தவள், என் கையெழுத்தைப் பார்த்து அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். நான்கு மாதமாக அவளும் கணக்குக்குத் தனிவகுப்புப் போய்க்கொண்டிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும், மாலை நாலரை மணிக்கு. கண்ணாடிக் கடைக்கும் நகல் எடுக்கும் கடைக்கும் நடுவில் குறுகலான வாசல், மூன்று மாடி, மேலே கணக்கு ஆசிரியரின் அறை. மனைவியோடு வேலை பார்க்கும் ஒருவர் சொல்லிச் சேர்த்தோம். மெதுவான குரல்காரர். பிள்ளைகளை அதட்டவே மாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

புத்தகத்தை எடுத்துப் போன நான்காம் நாள், சமையலறையில் நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவருகில் வந்து நின்றாள்.

"அப்பா, இதை நீங்க படிச்சீங்களா?"

"ம்."

"முழுசாவா?"

"ம்."

என் முகத்தையே பார்த்தாள். தட்டைத் துடைத்து அடுக்கினேன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பேச வற்புறுத்துவதில்லை. அதை ஒரு மரியாதையாகவே வைத்திருந்தோம். வைத்திருந்தது பெரும்பாலும் நான்தான். என் மனைவி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். அவளுக்கு வாய் ஓயாது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்தா ரெண்டு அலமாரிக்கு நடுவுல உக்காந்த மாதிரி இருக்கு" என்பாள். மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டபோது, என்னைப் போல ஆகிறாள் என்று நான் உள்ளூரப் பெருமைப்பட்டேன். அதை இப்போது எழுதும்போது கை நிற்கிறது.

"அப்போ, அதுல வர்ற அந்த அப்பா செஞ்சது சரியாப்பா?"

எந்த அப்பா, என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. விடாமுயற்சிக் கதைகளில் வரும் அப்பாக்களை நினைத்துக்கொண்டேன். கண்டிப்பானவர்கள், கடைசி அத்தியாயத்தில் மகளைக் கட்டிக்கொள்பவர்கள். கொஞ்ச நேரம் யோசிப்பது போல இருந்துவிட்டுச் சொன்னேன்.

"அப்பாக்கள் எதையும் யோசிக்காம செய்ய மாட்டாங்கம்மா. அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கும்."

"ஓ," என்றாள். புத்தகத்தைப் பைக்குள் வைத்துப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். வெயில் கொளுத்தும் நாளிலும் வகுப்புக்குப் போகும்போது முழுக்கைச் சட்டைமேல் இன்னொரு சட்டை போட்டுக்கொண்டாள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் வயிற்றுவலி என்றாள். மனைவி மாத்திரை கொடுத்தாள்.

"ஏன்டீ, செவ்வாய்க்கிழமை வலிக்குது, புதன்கிழமை காணாமப் போயிடுது. உன் வயிறு என்ன காலண்டர் பார்க்குமா?"

மூவரும் சிரித்தோம். மகளும் சிரித்தாள். ஒரு நாள், வகுப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். எடுத்த காரியத்தைப் பாதியில் விடக்கூடாது என்றேன். புத்தகத்தின் தவணை முடிந்தபோது அவள் பெயரில் நானே நீட்டித்துக் கொடுத்தேன், இரண்டு முறை. இவ்வளவு மெல்லிய புத்தகத்துக்கு ஆறு வாரமா என்று கேட்டதற்கு, "திரும்பத் திரும்பப் படிக்கறேன்" என்றாள். நூலகருக்கு அதைவிட இனிப்பான பதில் இல்லை.

வியாழக்கிழமை மதியம் கணக்கு ஆசிரியர் நூலகத்துக்கு ஃபோன் செய்தார்.

"தொந்தரவு பண்றேனா? ஒண்ணுமில்லை, பொண்ணு கொஞ்ச நாளா வகுப்புக்கு லேட்டா வருது. படியில உக்காந்து ஏதோ கதைப்புத்தகம் படிக்குது. என்ன புத்தகம்னு நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். நான்தான் அதுக்குக் குறிப்பு எழுதினேன்."

"அப்படியா? எதைப் பத்தி?"

பட்டியலைத் திறந்து நான்கு வரியையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். கணக்குப் பயம், விடாமுயற்சி, நிதானமான நடை, கவனம் எதுவும் இல்லை. முடியும் வரை கேட்டார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"நல்ல புத்தகம்தான் போல. நான் வேற ஏதோன்னு நெனச்சேன்."

வேறு என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது என் பழக்கம். ஆனால் அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரை காதில் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மனைவி போய்விட்டிருந்தாள். மகள் காலணிக்குள் காலை நுழைத்தபடி நிமிராமல் கேட்டாள்.

"இன்னிக்கு சாயங்காலம் நீங்க வந்து என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"வேலை இருக்கேம்மா. வெள்ளிக்கிழமை புத்தக வண்டி வரும்."

"தெரியும். அவரும் அப்படித்தான் சொல்வாரு."

"யாரு?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். இருந்தது களைப்பு.

"என்னப்பா, நீங்கதான் படிச்சிருக்கீங்களே. இன்னிக்குக் கடைசி அத்தியாயம்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கூடத்தின் நடுவில் நின்றேன். எதற்கோ சம்மதம் சொல்லிவிட்டேன், எதற்கு என்று தெரியவில்லை. ஆறு வாரமாக அவள் என்னோடு அந்தப் புத்தகத்தின் வழியாகவே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நானும் ம், ம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஓடிப்போய்த் தெருவில் நிறுத்தி, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வெட்கத்துக்காக, பத்தொன்பது வருட அனுபவம் உள்ள நூலகரான நான், புத்தகத்தைப் பற்றிய விவரம் தேட நூலகத்துக்குப் போனேன்.

மூன்றே பிரதிகள். ஒன்று மகளின் பையில். ஒன்று மேற்குக் கிளையில். ஒன்று தாள் கழன்று தைப்புக்குப் போய்த் திரும்பி வரவில்லை. மேற்குக் கிளையின் நூலகரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைக் கூப்பிடுவது சாமியார் என்று.

"சாமியாரே, நீங்களா ஃபோன் பண்றீங்க? இருங்க, தேதியைக் குறிச்சு வெச்சுக்கறேன்."

"அக்கா, அந்தச் சாம்பல் அட்டைப் புத்தகம் உங்ககிட்ட இருக்கா?"

"வெளிய போயிருக்கு. அடுத்த வாரம் வரும். ஏன், நல்ல புத்தகமாச்சே. படி ஏறுவது போன்ற நிதானமான நடை."

"நீங்க படிச்சீங்களா?"

"நான் படிக்க உக்காந்தா கவுன்ட்டர்ல யார் உக்கார்றது? பட்டியல்ல உங்க குறிப்பு இருந்துச்சு, அப்படியே எடுத்துப் போட்டேன். நீங்க படிக்காம எழுத மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியுமே."

நன்றி சொல்லி வைத்தேன். பட்டியலில், புத்தகத்தை வாங்கப்போகும் மற்ற நூலகங்களின் குறிப்புகளைத் திறந்தேன். தெற்கு, வடக்கு, பெண்கள் கல்லூரி, தொழிற்பேட்டை. சில இடங்களில் சொல் முன்பின் மாறியிருந்தது. நிதானமான நடை எல்லாவற்றிலும் இருந்தது.

மாத இதழ்களின் அடுக்கைக் கீழே இறக்கினேன். ஐந்து மாதத்துக்கு முந்தைய இதழில், புது வரவு என்ற பகுதியில், ஒரு பத்தி இருந்தது. மூச்சு வந்தது. படித்தேன். "படி ஏறுவதைப் போன்ற நிதானமான நடையில், கணக்குப் பயத்தை வெல்லும்..." இதழின் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். எடுத்த இளைஞர் ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"அந்தப் பகுதியை நூலகங்களோட பொதுப் பட்டியலைப் பார்த்துத்தான் சார் எழுதறோம். அதைவிட நம்பிக்கையானது வேற என்ன இருக்கு?"

பதிப்பகத்தில் எடுத்தவர் விற்பனைப் பிரிவு. புத்தகத்தைப் படித்துத் தேர்ந்தெடுத்த அம்மாள் வேலையை விட்டுப் போய்விட்டார். எழுதியவரின் எண்ணைக் கொடுக்க அனுமதி இல்லை. பின்னட்டை வாசகத்தை எழுதியது யார் என்று கேட்டேன். எழுதியவரே கொடுத்ததுதான், ஒரு எழுத்துக்கூட மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்றார். பிறகு குரலை உற்சாகமாக்கிக்கொண்டு, "புது விலைப்பட்டியல்ல மாத இதழ்ல வந்த மதிப்புரையைப் போட்டிருக்கோம் சார். பள்ளிக்கூடங்கள் நிறைய வாங்கறாங்க" என்றார்.

பதினொரு நூலகம், ஓர் இதழ், ஒரு பதிப்பகம். எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கதவையும் திறந்தது நானேதான்.

மணி இரண்டரை. மேசைமேல் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. ஒவ்வொரு அப்பாவும் தன் மகளோடு படிக்க வேண்டிய கதை. அந்த வாக்கியத்தை முதல் முறையாகப் படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் பாராட்டு இல்லை. யாரோ ஒருவர் என் தோளைத் தொட்டுக் கூப்பிடுவது போல இருந்தது.

மூன்றே முக்காலுக்கு வண்டி வந்தது. கிளைகளுக்கு இடையே புத்தகப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். பின்வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார்.

"என்ன சார், முகம் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிடலையா?"

"அண்ணே, தைப்புக்குப் போன பெட்டியில ஒரு சாம்பல் அட்டைப் புத்தகம் இருந்துச்சா? மாடிப்படி போட்டது."

கேட்டது பிரதியைப் பற்றித்தான். அவர் நோட்டை மூடினார்.

"அதுவா. இருந்துச்சு. அன்னிக்கு வண்டி டயர் மாத்தற இடத்துல நாலு மணி நேரம் உக்கார வெச்சிட்டாங்க. பெட்டியில மேலாக இருந்தது அதுதான். எடுத்துப் படிச்சேன்."

"படிச்சீங்களா?"

"ஏன் சார், ஓட்டுநர் படிக்கக்கூடாதா?" சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"அதுல என்ன இருக்கு, அண்ணே?"

"நீங்க..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டார். பெட்டிமேல் உட்கார்ந்தார். "ஒரு பொண்ணு மூணாவது மாடியில கணக்குப் படிக்கப் போகும் சார். அந்த ஆளு நல்லா மெதுவாப் பேசுவான். அது உள்ளே போனதும் கதவைத் தாழ் போடுவான். ஒரு அத்தியாயத்துல கதவு. அடுத்ததுல ஜன்னல். எழுதினவங்க அதுக்கு மேல ஒண்ணும் எழுதலை. அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தை மட்டும் எழுதியிருக்காங்க. அது போதும்."

நான் அவர் எதிரில் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பொண்ணு அப்பன்கிட்ட சொல்லப் பார்க்கும். நேராச் சொல்ல வாய் வராம சுத்திச் சுத்திச் சொல்லும். அந்தாளு பேப்பரை மடிக்காமலே ம் போடுவாரு. ஒரு நாள் அது மேலே போகப் பயந்துட்டுப் படியில உக்காந்திருக்கும். தற்செயலா அந்தப் பக்கம் வந்த அப்பன் பார்த்துடுவாரு. பார்த்துட்டு, நேரமாச்சு, மேலே போன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிடுவாரு. அவருக்குப் பாதி தெரியும் சார். தெரிஞ்சுதான் போவாரு. அதான் என்னால..."

"கடைசியில?"

"அது எழுந்து மேலே போகும். நான் அங்கயே மூடிட்டேன். இன்னும் நாலு பக்கம் இருந்துச்சு. படிக்கலை." தலையைத் துடைத்துக்கொண்டார். "முதல் தாள்ல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு. அதை எழுதின ஆளைப் பார்த்தா நாலு வார்த்தை கேக்கணும்னு இருந்தேன்."

"அதை எழுதினது நான்தான், அண்ணே."

"தெரியும் சார். உங்க கையெழுத்துதானே. கேக்க மனசு வரலை."

பள்ளி மூன்றரைக்கு விட்டிருக்கும். பள்ளிக்குக் கைபேசி கொண்டுபோகக்கூடாது. மகள் அங்கிருந்து நேராக நடந்து வகுப்புக்குப் போவாள். நான் சொல்லாமலே ஓட்டுநர் சாவியை எடுத்தார்.

வண்டியில் உட்கார்ந்து மனைவிக்கு ஃபோன் செய்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அவள் புரிந்துகொண்டாள். எப்போதும் ஓயாத அவள் வாய் ஓய்ந்தது. ஏதோ இயந்திரம் சுழலும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் மாத்திரை கொடுத்தேங்க," என்றாள். பிறகு மறுபடியும், இன்னும் மெதுவாக, "வாரம் ரெண்டு மாத்திரை கொடுத்தேன்."

சிக்னலில் வண்டி நின்றது. பின்னால் பெட்டிகளுக்குள் புத்தகங்கள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றிலும் நான்கு வரி ஒட்டியிருக்கும். எத்தனை, எத்தனை, எதற்கு என்ன எழுதினேன் என்று நினைக்க ஆரம்பித்து, நினைக்க முடியாமல் நிறுத்தினேன்.

நகல் எடுக்கும் கடையில் வெளிச்சம் பளிச் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. குறுகலான வாசலுக்குள் நுழைந்தேன். மணி நான்கு இருபது. படிகளில் யாரும் இல்லை. அட்டைப்படத்தில் இருந்ததைப் போலவே சாம்பல் நிறம், ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி. அவள் மேலே போய்விட்டாள் என்று நினைத்தேன். முதல் திருப்பத்தில் யாரும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை.

அதற்கும் மேலே, மூன்றாம் மாடிக்குப் பதிமூன்று படி கீழே, உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். நடுவில் ஒரு விரல். காலடிச் சத்தம் கேட்டு, யார் என்று பார்க்காமலே முழங்காலைச் சுவர்ப் பக்கம் ஒதுக்கி வழி விட்டாள். பிறகு பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்தவளின் முகம்.

"நேரமாச்சா?" என்றாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிமென்ட் சில்லென்று இருந்தது. பேசாமல் இருப்பதில் எனக்கு நாற்பத்தெட்டு வருடப் பயிற்சி. அந்தப் படியில் அது தானாக வந்து என் வாய்மேல் உட்கார்ந்தது. அப்படியே கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அவள் எழுந்து மேலே போயிருப்பாள்.

"நான் அதைப் படிக்கலைம்மா."

"எதை?"

"இந்தப் புத்தகத்தை. ஒரு பக்கம்கூடப் படிக்கலை. பின்னட்டையைப் பார்த்து எழுதினேன். உன்கிட்ட படிச்சேன்னு பொய் சொன்னேன்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. எதிர்ச் சுவரில் யாரோ கிறுக்கியிருந்த ஒரு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ, அந்த அப்பா பக்கமும் நியாயம் இருக்கும்னு..."

"அவர் என்ன செஞ்சார்னு எனக்கு இன்னிக்கு மூணே முக்காலுக்குத்தான் தெரியும். அவர் பக்கம் ஒரு நியாயமும் இல்லை."

புத்தகத்திலிருந்து விரலை எடுத்தாள். அது தானாக மூடிக்கொண்டது.

"நான் மூணு தடவை படிச்சேன்பா," என்றாள். குரல் உடையவில்லை. "எந்த இடத்துல உங்களுக்கு அவர் செஞ்சது சரின்னு பட்டிருக்கும்னு தேடித் தேடிப் படிச்சேன்."

அவள் கையைத் தொட்டேன். இரண்டு சட்டைக்கு அடியில் அந்தக் கை ஒல்லியாக இருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"அவர் கதவைத் தாழ் போடறார்ப்பா," என்றாள். "ரெண்டு மாசமா."

அப்போது மேலே அந்தச் சத்தம் கேட்டது. இரும்புத் தாழ்ப்பாள் பின்னுக்குப் போகும் சத்தம். எனக்கு முன்னால் அவள் தோள் அதைக் கேட்டுவிட்டது. கதவு கொஞ்சம் திறந்து, மெதுவான குரல் படிகளில் இறங்கி வந்தது.

"யாரு படியில? வந்தாச்சாம்மா?"

எழுந்து நின்றேன். கைப்பிடிக்கு மேல் எட்டிப் பார்த்தவர் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு என்னை. வியாழக்கிழமை ஃபோனில் சிரித்த அதே சிரிப்பு ஒரு கணம் வந்தது. என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, அந்தச் சிரிப்பு போய்விட்டது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

கீழே ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பது தெரிந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு. மற்றதை எல்லாம் பிறகு. அவள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

அவள் எழவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"எனக்கு முன்னாடி நாலு மணிக்கு ஒரு பொண்ணு வரும்பா. எட்டாவது படிக்கறா."

"அதுக்கு?"

"அவ இன்னும் வெளிய வரலை."

பையை அவளிடமே கொடுத்தேன். ஓட்டுநரைக் கூப்பிட்டேன். என் குரல் மாடிப்படி முழுவதும் எதிரொலித்தது. இவ்வளவு சத்தமாக நான் எப்போது பேசினேன் என்று தெரியவில்லை. மீதிப் படிகளை ஏறினேன். மகளின் காலடி என் பின்னாலேயே வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

கதவைத் தட்டினேன். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. மறுபடி தட்டினேன். ஜன்னல் ஒன்று சாத்தும் சத்தம். ஓட்டுநர் மூச்சு வாங்க மேலே வந்து என் பக்கத்தில் தோளைக் கொடுத்து நின்றார். மகள் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து, இரண்டு கையாலும் கதவைத் தட்ட ஆரம்பித்தாள்.